கேட்டது பாத்ரூம், கொடுத்தது டயப்பர்

ஹாரன் என்ற பேர் அவருக்கு டிப்போவில் வைத்தது. டவுன் பஸ் ஓட்டிய காலத்தில் வண்டியின் ஹாரனை அவர் தொட்டதே குறைவு. குறுக்கே எவனாவது புகுந்தால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு சத்தம் போடுவார், தெருவே ஒதுங்கும். "இந்தாளு வண்டிக்கு ஹாரன் எதுக்குய்யா, தொண்டை போதாதா?" என்று கண்டக்டர்கள் சொல்லிச் சொல்லியே பேர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்று, தலை நரைத்து, முட்டி தேய்ந்த பிறகும் தொண்டை மட்டும் தேயவில்லை.

அந்தத் தொண்டையை அடக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து பாதி வாழ்நாளை முத்திரை குத்தியே கழித்தவள். அவள் குத்துகிற சத்தம் வாசல்படி வரைக்கும் கேட்கும் என்பதால் அவளை எல்லாரும் ஸ்டாம்பம்மா என்பார்கள். வரிசையில் நிற்கிறவன் எவனாவது எகிறினால் "அடுத்தது யாரு?" என்பாள். அவ்வளவுதான், எகிறினவன் காற்றுப்போன டயர். வீட்டிலும் அதே கதை. ஹாரன் அரசாங்கத்தை, பக்கத்து வீட்டுக்காரனை, தண்ணீர்க் குழாயை வரிசையாகத் திட்டிக்கொண்டிருப்பார். அவள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா? டீ ஆறுது" என்பாள். அவரும் உட்கார்ந்து டீயைக் குடிப்பார்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், கையிலிருந்த கிளிப் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. ஹாரன் ஓடிப்போய்த் தாங்கியபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னவோ சொல்லப் பார்த்தாள், முனகல்தான் வந்தது. ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஊசி. "ஸ்ட்ரோக். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை, கால் விழுந்திருக்கு, பேச்சும் போயிருக்கு. பயிற்சி கொடுத்தா ஓரளவு திரும்ப வரும்" என்றார்கள். தப்பியதே பெரிய விஷயம் என்று மகள் அழுதாள். ஹாரனும் அழுதார். அதையும் அவர் சத்தமாகத்தான் செய்தார்.

அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில் அவருக்கு யார்மேலும் கோபம் இல்லை. அவளைப் பயிற்சி வார்டுக்கு மாற்றிய பிறகுதான் ஆரம்பித்தது.

நீளமான ஹால். இரண்டு பக்கமும் கட்டில்கள், நடுவில் பச்சைத் திரைகள். தரை பளபளவென்றிருந்தது. சுவரில் சிரித்துக்கொண்டிருக்கும் வயதானவர்களின் படங்கள். கட்டிலில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஜன்னல்களை அவ்வளவு உயரத்தில் வைத்திருந்தார்கள், படுத்திருப்பவர்களுக்கு வானத்தில் ஒரு துண்டுதான் தெரியும்.

முதல் நாள் கஞ்சி கொடுக்க வந்த நர்ஸ், "பாட்டி, ஆ காட்டுங்க... இன்னும் கொஞ்சம்... அச்சா, சமத்துப் பாட்டி!" என்று கொஞ்சினாள். ஸ்டாம்பம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சிஸ்டர், அவளுக்குப் பேச்சுதான் போயிருக்கு, புத்தி போகலை" என்றார் ஹாரன். "தலைமாட்டுல பேர் எழுதித் தொங்கவிட்டிருக்கீங்கல்ல, அதைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"பாசமாத்தானே தாத்தா சொன்னேன்."

"நான் உனக்குத் தாத்தாவும் இல்லை."

நர்ஸ் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கே வார்டில் அவருக்கு முத்திரை குத்தியாகிவிட்டது, தகராறு பிடித்த கிழவர் என்று.

பெரிய சண்டை அதற்குப் பிறகு வந்தது. ஒரு மத்தியானம் ஸ்டாம்பம்மா இடது கையால் போர்வையைத் தட்டினாள். அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். வார்டின் கோடியில் இருந்த கதவைக் காட்டினாள். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். ஹாரன் எழுந்துபோய் ஆயாவைக் கூப்பிட்டார்.

"பாத்ரூம் போகணுமாம்மா அவளுக்கு. கொஞ்சம் கைகொடுத்தா ரெண்டு பேருமா கூட்டிட்டுப் போயிடலாம்."

ஆயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேறொரு கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். "டயப்பர் போட்டிருக்குல்ல. அதுலயே போகச் சொல்லுங்க. சாயங்காலம் மாத்துவோம்."

"அவளுக்கு அடக்கத் தெரியுது, சொல்லத் தெரியுது. எதுக்கு அதுல போகணும்?"

"எல்லாரும் அதுலதான் போறாங்க."

ஹாரன் திரும்பி வந்தார். தனியாகத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்காரவைத்தால் வலது பக்கமாகச் சரிந்தாள். பெட்பேன் கேட்டார், தேடித் தருகிறோம் என்றார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரம் தாங்கினாளோ. பிறகு கையை விட்டுவிட்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவருக்கு விஷயம் புரிந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில், பிரசவ வார்டில்கூட, அவள் இப்படி முகத்தைத் திருப்பி அவர் பார்த்ததில்லை.

அப்போது அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டுக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

"மனுஷங்களாடா நீங்க? கூட்டிட்டுப் போன்னு கையைக் காட்டிக் கேக்கறா! அவ கேட்டது பாத்ரூம், நீங்க குடுத்தது டயப்பர்! உங்க அம்மாவைப் படுக்கவெச்சு, இதுலயே போன்னு சொல்வீங்களா?"

ஹெட் சிஸ்டர் வேகமாக வந்தாள். "இது ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு இல்லை. நடக்கவெச்சு, அவங்க விழுந்து, இடுப்பு உடைஞ்சா யார் பதில் சொல்றது? நீங்களா?"

"விழக்கூடாதுன்னா கட்டிலோட கட்டிப்போட்டுடுங்களேன்! அது இன்னும் வசதி!"

ஆயா விரிப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "ஐயா, இத்தனை கட்டிலுக்கும் நான் ஒருத்தி. தூக்கித் தூக்கி என் இடுப்பே போச்சு. ஒருத்தரை நான் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா, அந்த நேரத்துல இன்னொருத்தர் கட்டில்லேருந்து விழுவாங்க. கத்தறதா இருந்தா மேல போய்க் கத்துங்க."

நியாயமான பேச்சு. "சரிம்மா, தப்புதான்" என்றார் ஹாரன். சொல்லிவிட்டு நேராக மேலே போனார், சூப்பரிண்டெண்ட் அறைக்கு.

சூப்பரிண்டெண்ட் நல்ல மனிதர்போலத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்க வருத்தம் புரியுது. ஆனா வயசாயிட்டா இதெல்லாம் சகஜம், பெரியவரே" என்றார்.

"சகஜமா? எனக்கும் எழுபது தாண்டியாச்சு. அப்ப நான் இந்த நாற்காலியிலயே போயிடட்டுமா?"

சிரிப்பு நின்றது. ஹாரன் எழுந்து நின்று, மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு பேசினார். வயசு இல்லை காரணம், ஆள் போடாததுதான் காரணம். ஆயாவுக்கு இடுப்பு போனதுக்கும் இவளுக்கு மானம் போனதுக்கும் ஒரே காரணம்தான். கீழே தரையைக் கண்ணாடியாகத் தேய்க்க ஆள் இருக்கிறது, கைபிடித்து நடத்த ஆள் இல்லை. இதையெல்லாம் அவர் சொன்ன சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. செக்யூரிட்டி இரண்டு பேர் வந்து, தோளில் கைபோட்டு, ரொம்ப மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அன்றிலிருந்து பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் அவருக்கு அனுமதி.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏம்பா இப்படிப் பண்றீங்க? உங்க கோபத்தை அவங்க அம்மா மேலதானே காட்டுவாங்க?"

"காட்டட்டும். அவளை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"உங்களுக்கே பிபி. முட்டி வேற. எப்படிப் பாத்துப்பீங்க? நல்ல இல்லமா ரெண்டு மூணு விசாரிச்சு வெச்சிருக்கேன். ட்ரெயினிங் எடுத்த ஆளுங்க இருக்காங்க."

"அங்க டயப்பர் கிடையாதா?"

மகள் அதை விசாரித்திருக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

வார்டில் அவருக்குத் துணையாக இருந்தது ஒரே ஆள், பிசியோ பெண். பயிற்சி நேரத்துக்கு மட்டும் வந்துபோகிறவள். "அவங்களுக்கு எல்லாக் கட்டுப்பாடும் இருக்கு ஐயா. பழகாம விட்டாத்தான் போயிடும். நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்கறதுக்கு ஆளில்லை" என்றாள். இடுப்பில் பெல்ட் கட்டி எப்படித் தூக்கி நிறுத்துவது, நல்ல காலை எங்கே ஊன்றச் சொல்வது, சரிந்தால் எந்தப் பக்கம் தாங்குவது என்று பார்வையாளர் நேரத்திலேயே அவருக்குப் பழக்கிக்கொடுத்தாள். கியர் போட்டுப் பழகிய கை, சீக்கிரம் பிடித்துக்கொண்டது. டாக்டர் வேண்டாம் என்றார், மகள் அழுதாள். ஹாரன் மனைவியைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டார். பாத்ரூம் சுவரில் கொத்தனாரை வைத்துக் கைப்பிடிக் கம்பிகள் பதித்தார். வாசல்படியை இடித்துச் சரிவாக்கினார். வீட்டில் ஒரு டயப்பர் இருக்கக்கூடாது என்பது அவர் சபதம். முதல் வாரம் இரண்டு மூன்று தடவை நேரத்துக்குப் போய்ச்சேர முடியாமல் தரை நனைந்தது. "போகட்டும், தரைதானே" என்று துடைத்தார். பிறகு அது நின்றுபோனது. வெற்றி வெற்றி என்று மகளுக்கு போன் போட்டுக் கத்தினார்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனிதர் விடவில்லை. அவளுக்குச் சோறு ஊட்டினார். தலைவாரினார். சட்டைப் பொத்தானைப் போட்டார். இடது கையால் அவள் டம்ளரை எடுக்கப்போனால், "இரு இரு, கொட்டிடும்" என்று பாய்ந்து எடுத்துக்கொடுத்தார். பேச்சிலும் அப்படித்தான். அவள் "த..." என்று ஆரம்பித்தால் போதும்.

"தண்ணியா? தலைவலியா? தலகாணியா? தலகாணிதானே, இந்தா!"

பக்கத்து வீட்டு அம்மா வந்து, "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று அவளைக் கேட்டாள். அவள் உதட்டைக் குவித்துத் தயாராவதற்குள், "நல்லாயிருக்கா, பசிக்குது, தூங்கறா, கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்கு" என்று இவர் முழு ரிப்போர்ட்டையும் வாசித்து முடித்தார். அவள் குவித்த உதட்டை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் அவள் எதையும் ஆரம்பிப்பதையே விட்டுவிட்டாள். ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை. எழுப்பினால் எழுந்தாள், உட்காரவைத்தால் உட்கார்ந்தாள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்தாள். ஹாரன் பயந்துபோனார். இரண்டாவது ஸ்ட்ரோக்கோ என்று நினைத்தார். ஆஸ்பத்திரியைத் திட்டினார். அவங்கதான் இவளை உடைச்சு அனுப்பிட்டாங்க என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒரு முறை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போவார். அங்கே பயிற்சி தருகிறவள் நடுத்தர வயதுக்காரி, அவசரமே தெரியாதவள். ஒரு படத்தை எடுத்து ஸ்டாம்பம்மா முன்னால் நீட்டினாள். "இது என்னன்னு சொல்லுங்கம்மா."

"குடை" என்றார் ஹாரன்.

"உங்களைக் கேக்கலைங்க ஐயா." அடுத்த படத்தை நீட்டினாள்.

ஸ்டாம்பம்மாவின் தொண்டை ஏறி இறங்கியது. "ச... ச..."

"சாவி! சாவின்னு சொல்லும்மா!"

பயிற்சிக்காரி படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "ஐயா, கொஞ்சம் வெளியில உட்காருங்க."

"நான் எதுக்கு வெளியில போகணும்? நான் இல்லாம இவ..."

"நீங்க இருக்கறதாலதான் அவங்க பேச மாட்டேங்கறாங்க."

ஹாரன் நடைபாதை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாரைப் பார்த்து என்ன சொல்கிறாள் இவள்? ஆஸ்பத்திரியே கைவிட்டதை, ஒத்தை ஆளாக நின்று, முட்டி வலியோடு தூக்கி நிறுத்தியவன் நான். நான் தடையா? அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்தப் பயிற்சிக்காரியைத் திட்டிக்கொண்டே வந்தார். வேறு கிளினிக் பார்க்க வேண்டும் என்றார். ஸ்டாம்பம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெடித்தது மறுநாள். மத்தியானச் சாப்பாடு. அவர் ஒரு கையில் கிண்ணமும் ஒரு கையில் ஸ்பூனுமாக உட்கார்ந்திருந்தார். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "நா... நா..."

"நாக்குல சுட்டுடுச்சா? ஊதித் தரேன்." ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு ஒரு துண்டை எடுத்து அவள் வாயைத் துடைத்தார், பாதிச் சொல் உதட்டில் இருக்கும்போதே.

இடது கை எழும்பியது. கிண்ணம் பறந்துபோய் அலமாரியில் மோதித் தரையில் உருண்டது. சோறு அவர் சட்டை முழுக்க.

"வாயை..." என்றாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, அடுத்த சொல்லை எங்கிருந்தோ பிடித்து இழுத்தாள். "...மூடு!"

ஹாரனுக்கு முதலில் தோன்றியது, அவள் 'ங்க' போடவில்லை என்பதுதான். கல்யாணமான நாள் முதல் எவ்வளவு ஆத்திரத்திலும் அவள் 'ங்க'வை விட்டதில்லை. அடுத்தபடியாகத்தான் அவள் பேசிவிட்டாள் என்பது உறைத்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு வந்ததோ கோபம்.

"நானா வாயை மூடணும்? உனக்காக ஊரெல்லாம் சண்டை போட்டவன் நான்! செக்யூரிட்டிக்காரன் என் தோள்ல கைவெச்சான், தெரியுமா? ராத்திரி பகல்னு..."

"நானே!" என்றாள் அவள். கட்டில் விளிம்பைத் தட்டினாள். "நானே... நானே... சாப்... நானே!"

"கொட்டிடுவே!"

"கொட்டும்!"

மகள் அந்த நேரத்தில்தான் உள்ளே வந்தாள். தரையெல்லாம் சோறு, அப்பாவும் அம்மாவும் எதிரெதிராக உட்கார்ந்து கத்துகிறார்கள். அம்மா கத்துகிறாள்! பையைக் கீழே போட்டுவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஸ்டாம்பம்மா கைத்தடியைப் பிடித்து எழுந்தாள். ஹாரன் பெல்ட்டைத் தேடிப் பாய்ந்தார். தடியால் அவர் கையைத் தள்ளிவிட்டு, நாற்காலி, சுவர், கதவு நிலை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். வலது கால் தரையில் இழுபட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு அவள் வீட்டுக்கு வந்த பிறகு மூடப்பட்டதே இல்லை. ஹாரன்தான் எப்போதும் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார்.

உள்ளே தொப்பென்று ஒரு சத்தம்.

ஹாரன் கதவில் கைவைத்தார். "வராதே!" என்று உள்ளிருந்து குரல். மூச்சு வாங்குகிற சத்தம், தடி உருளுகிற சத்தம், கம்பியைப் பிடித்து இழுக்கிற சத்தம். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கதவைத் திறக்காமல் நின்றதுதான் தன் ஆயுசில் செய்த கஷ்டமான வேலை என்று பிறகு டிப்போ நண்பர்களிடம் சொன்னார். மழையில் பிரேக் பிடிக்காத வண்டியை நிறுத்தியதுகூட அவ்வளவு கஷ்டமாக இல்லையாம்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. முழங்கையில் சிராய்ப்பு, நெற்றியெல்லாம் வியர்வை. அவரைத் தாண்டி நடந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். மகளைப் பார்த்து, "சோறு" என்றாள். மகள் தட்டில் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்தாள். அவள் பாதியைக் கொட்டிக்கொண்டு மீதியைச் சாப்பிட்டாள்.

ஹாரன் பின்கட்டில் போய் நின்றார். வார்டுக்காரர்களை என்னவெல்லாம் சொல்லித் திட்டினோமோ, அதில் பாதி தனக்கும் பொருந்துகிறது என்று தோன்றியது. அவர்கள் ஆள் இல்லை என்று செய்தார்கள், இவர் ஆள் இருக்கிறேன் என்று செய்தார். அதற்காக வார்டுமேல் இருந்த கோபம் குறைந்துவிடவில்லை. தன்மேலும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தினமும் சண்டை. பொத்தான் போட அவளுக்கு வெகுநேரம் ஆகும். இவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் தெருவுக்குப் போய்விடுவார். ஒரு வாக்கியத்துக்கு அவள் மூன்று முறை முட்டிமோதுவாள். இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சில நாள் தாங்காமல் சொல்லை எடுத்துக்கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வார். வலது கை திரும்பவே இல்லை. நடையும் பேச்சும் மெல்ல மெல்ல வந்தன.

செக்கப்புக்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி ஹாரனிடம் கேட்டார்: "எப்படி இருக்காங்க? பாத்ரூமெல்லாம் போறாங்களா?"

ஹாரன் வாயைத் திறக்கவில்லை. தாடை வலித்தது. டாக்டர் நிமிர்ந்து, "பெரியவரே, காது கேக்குதா?" என்றார். ஹாரன் கையால் மனைவியைக் காட்டினார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போலிருந்தது ஹாரனுக்கு.

"என்னை..." என்றாள் ஸ்டாம்பம்மா. "என்னை... கேளுங்க."

டாக்டர் நாற்காலியைத் திருப்பினார். அவள் சொன்னாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்க்கிற அளவுக்கு நேரம் எடுத்துச் சொன்னாள். நடை, கை, தூக்கம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "வார்டுல... டயப்பர்... தப்பு" என்றாள்.

"அது வார்டு நடைமுறைம்மா. எங்கிட்டே இல்லை."

"யார்... கிட்ட?"

டாக்டர் மேலே கையைக் காட்டினார்.

அன்றைக்கு சூப்பரிண்டெண்ட் அவர்களைப் பார்க்கவில்லை. அடுத்த செக்கப்பிலும் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை பார்த்தார். ஹாரன் வாசலிலேயே நின்றுகொண்டார், ஸ்டாம்பம்மா தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போனாள். அம்மாவைப் போலவே அந்த வார்டில் படுத்திருந்தவர்களின் பிள்ளைகள் சிலரை மகள் தேடிப்பிடித்துக் கூட்டிவந்திருந்தாள். அவர்களும் உள்ளே போனார்கள்.

அதன் பிறகு பகலுக்கு இன்னொரு ஆயா போட்டிருக்கிறார்கள். கேட்டவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறார்களாம், பழைய ஆயாவே ஒரு நாள் தெருவில் பார்த்துச் சொன்னாள். இரவில் இன்னும் பழைய கதைதான், எல்லாருக்கும் டயப்பர். அதைக் கேட்டதும் ஹாரன் நடுத்தெருவில் நின்று கத்தத் தொடங்கினார். ஸ்டாம்பம்மா அவரை நிறுத்தவில்லை. ஆயாவின் பக்கம் திரும்பி, சூப்பரிண்டெண்ட் எந்தக் கிழமையில் வருவார் என்று, ஒவ்வொரு சொல்லாக, கேட்டுக்கொண்டிருந்தாள்.